கிளட்ச் போச்சு என்கிறார்கள்: கியர் பாக்ஸை இறக்குமுன் எதையெல்லாம் பார்க்கலாம்? (98 மாருதி 800, கடலூர்)

கெடிலக்கரை (கடலூர்)

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1998 மாருதி 800, கார்புரேட்டர் மாடல், நாலு கியர். அப்பா வாங்கியது, இப்போது என் பொறுப்பு.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளம் குண்டு உப்பலவாடி பக்கம் புகுந்தது நினைவிருக்கும். வண்டி அப்போது சித்தப்பா வீட்டு வாசலில் நின்றது. கதவின் கீழ் விளிம்பு வரை தண்ணீர். சீட் தப்பியது, கால் வைக்கும் இடம் நனைந்தது. தண்ணீர் வடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியை அப்படியே விட்டுவிட்டார்கள். மாதக்கணக்கில் யாரும் தொடவில்லை.

இப்போது புது பேட்டரி போட்டு, கார்புரேட்டரைக் கழுவி, இன்ஜின் ஆயில் மாற்றியாயிற்று. இன்ஜின் நன்றாக ஓடுகிறது. கியர்தான் விழவில்லை. இன்ஜின் நின்றிருந்தால் ரிவர்ஸ் உட்பட எல்லா கியரும் தடையில்லாமல் விழுகிறது. இன்ஜின் ஓடும்போது பெடலைத் தரைவரை மிதித்தாலும் ஒரு கியரும் ஏற மறுக்கிறது, ரிவர்ஸில் கரகரவென்று பல் அரைக்கிறது. முதல் கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடியே சாவியைத் திருப்பினால் வண்டி முன்னால் எகிறுகிறது.

வீட்டுக்கு வந்து பார்த்த ஒரு மெக்கானிக், "கிளட்ச் போச்சு சார், செட்டா மாத்திடலாம், ஃப்ளைவீலும் மாத்த வேண்டி வரும்" என்று ஒன்பதாயிரம் ரூபாய் சொல்லிவிட்டுப் போனார். பெடலை ஒருமுறைகூட மிதித்துப் பார்க்கவில்லை. கியர் பாக்ஸை இறக்கச் சம்மதம் சொல்வதற்கு முன் நான் என்ன பார்க்கலாம்?

முதுநகர்800 (கடலூர் முதுநகர்)

கிளட்ச் கேபிள்தான். என் 800-ல் இதே கதை. கேபிளுக்குள் இருக்கும் கம்பி இழை இழையாக அறுந்து நீண்டுவிடும். பெடல் முழுக்க இறங்கும், ஆனால் கியர் பாக்ஸ் பக்கம் போய்ச் சேர வேண்டிய இழுப்பு போய்ச் சேராது. கேபிள் சில நூறு ரூபாய்க்குள் முடியும் வேலை. திருப்பாதிரிப்புலியூரில் எந்த ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். அதை மாற்றிவிட்டு அப்புறம் பேசுங்கள்.

நெய்வேலி_டீசல் (நெய்வேலி)

வெள்ளத்தில் நின்ற வண்டி, மாதக்கணக்கில் ஓடாத வண்டி. கிளட்ச் பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. யோசிக்கவே வேண்டாம். ஒரு உலுக்கு உலுக்கினால் விட்டுவிடும்.

பழையபட்டறை (வில்லியனூர்)

தம்பி, இரண்டு பேர் சொன்னதும் நடக்கக்கூடியதுதான். எது என்று கண்டுபிடிக்கக் காசு தேவையில்லை, உதவிக்கு ஒரு ஆள் போதும்.

முதலில் "கிளட்ச் போச்சு" என்ற பேச்சை விடுங்கள். பட்டறையில் அந்த ஒரே பேச்சுக்குள் வெவ்வேறு வியாதிகளை அடைத்துவிடுகிறோம். மிதித்தும் இன்ஜின் பிரியவில்லை என்பது ஒன்று, நாங்கள் "கட் ஆகல" என்போம். காலை எடுத்த பிறகும் சரியாகப் பிடிக்காமல் வழுக்குவது இன்னொன்று. பிடிக்கும்போது வண்டி உதறுவது வேறு, சத்தம் வருவது வேறு. உங்களுடையது முதல் வகை. பிளேட் தேய்ந்தால் வழுக்கும். தேய்ந்த பிளேட்டால் கட் ஆகாமல் போவது அரிது. ஆகவே பிளேட் தேய்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால், உங்கள் வண்டியில் அதற்கு அறிகுறி எதுவும் இல்லை.

இன்ஜின் நின்றிருக்கும்போது எல்லா கியரும் விழுகிறது என்பது நல்ல தகவல். கியர் பாக்ஸும் லீவர் இணைப்பும் பெரும்பாலும் சரி என்று வைத்துக்கொள்ளலாம். கோளாறு பெடலுக்கும் பிளேட்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. அந்த வழியைக் காலிலிருந்து தொடங்கி வரிசையாகப் பாருங்கள்: பெடல், அது தொங்கும் பிராக்கெட், கேபிள், கியர் பாக்ஸ் மேல் கேபிள் போய் முடியும் கை (சின்ன நெம்புகோல்), அந்தக் கை திருப்பும் ஷாஃப்ட், உள்ளே ஃபோர்க், ரிலீஸ் பேரிங், பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விரல்கள், கடைசியில் பிளேட். மிதிக்காதபோது பிரஷர் பிளேட்தான் பிளேட்டை, இன்ஜினோடு சுற்றும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கிறது, மிதித்தால் விலகும். கை வரைக்கும் எல்லாம் வெளியில் இருக்கிறது. பானெட்டைத் திறந்தாலே பார்க்கலாம். மீதிதான் கியர் பாக்ஸை இறக்கினால் தெரிவது. பணம் போவதும் அந்த இறக்கி ஏற்றும் கூலியில்தான்.

இன்ஜினை நிறுத்திவிட்டு, வீட்டில் ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் அந்தக் கையைப் பாருங்கள். எவ்வளவு நகர்கிறது? கேபிளின் வெளி உறை இன்ஜின் அறைச் சுவரில் உட்காரும் இடம் மிதிக்கும்போது நெளிகிறதா? அப்புறம் முக்கியமான கேள்வி: பெடல் கனமாக இருக்கிறதா, முன்னைவிட லேசாக இருக்கிறதா? பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். அதுவரை எந்தச் சாமானும் வாங்க வேண்டாம்.

உப்புக்காற்று (புதுச்சேரி, முத்தியால்பேட்டை)

பழையபட்டறை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் நிற்கும் வண்டிக்கு வெள்ளமே தேவையில்லை. உப்பு ஈரம் கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்குக்குள் தானே போகும். ஃப்ளைவீலும் பிரஷர் பிளேட்டும் வார்ப்பிரும்பு. பெயின்ட் கிடையாது, எண்ணெய் தடவவும் முடியாது. மழைக்காலத்தில் ஓடாமல் நின்றால் மேலே துருப்படலம் வந்துவிடும். பிளேட்டின் உராய்வு முகமான லைனிங் அதோடு அழுந்தி நிற்பதால் ஒட்டிக்கொள்ளும்.

ஃபெஞ்சலின்போது எங்கள் ஊரில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் நின்ற பழைய வண்டிகளில் எத்தனை இப்படி ஒட்டியதோ. ஆனால் அதற்காக உலுக்கிப் பிரிக்கலாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிறகு விரிவாகச் சொல்கிறேன், முதலில் அளந்துவிட்டு வரட்டும்.

கெடிலக்கரை

தங்கையை மிதிக்கச் சொல்லிப் பார்த்தேன். பெடல் ஆடாமல் நேராக இறங்குகிறது. மேலே சுமார் இரண்டு செ.மீ. லூஸாக வந்த பிறகுதான் இறுக்கம் பிடிக்கிறது. கேபிள் உறை சுவரில் அசையவில்லை. கேபிளின் முனையில் தெரிகிற கம்பியில் துரு இருக்கிறது, அறுந்த இழை எதுவும் கண்ணில் படவில்லை. கை நன்றாக நகர்கிறது, ஆனால் எவ்வளவு நகர வேண்டும் என்று தெரியாததால் போதுமா என்று சொல்லத் தெரியவில்லை. பெடல் கனம் வழக்கம்போலத்தான். அப்பாவும் மிதித்துப் பார்த்துவிட்டு எப்போதும் இப்படித்தான் என்றார்.

முதுநகர்800

என் வண்டியில் இப்போதுதான் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். கை முனை சுமார் ஒரு அங்குலம் நகர்கிறது. கேபிள் மாற்றிய வண்டி, கியர் சுத்தமாக விழுகிறது. அதை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கெடிலக்கரை

நன்றி அண்ணா. இங்கும் கிட்டத்தட்ட அதே அளவு. ஒரு நூல் கூடக் குறைய இருக்கலாம்.

பழையபட்டறை

அப்படியானால் கேபிள் தப்பித்தது. முதுநகர்க்காரர் கோபித்துக்கொள்ள வேண்டாம். கேபிள் நீண்ட வண்டியில் பாதி கட் ஆகும், மீதி ஆகாது. ரிவர்ஸ் அரைக்கும், முதல் கியர் முரண்டு பிடித்து விழும், சிக்னலில் மிதித்தபடி நின்றால் வண்டி மெல்ல ஊரும். சாவியைத் திருப்பியதும் எகிறுகிற அளவுக்குப் போகாது. இங்கே துளிக்கூடப் பிரியவில்லை.

அந்தக் கையைக் கவ்வியிருக்கும் போல்ட்டைப் பாருங்கள். கை பல் வெட்டிய ஷாஃப்ட்டின் மேல் உட்கார்ந்து ஒரு போல்ட்டால் இறுகியிருக்கும். போல்ட் தளர்ந்தால் கை மட்டும் சுற்றும், ஷாஃப்ட் சும்மா நிற்கும். ஷாஃப்ட் முனையிலும் கையிலும் சேர்த்துச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிட்டு மிதிக்கச் சொல்லுங்கள். கோடு உடையாமல் சேர்ந்து திரும்பினால் அதுவும் சரி.

பெடல் கனத்தைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் காலுக்குத் தெரிகிற அந்தக் கனம் பிரஷர் பிளேட்டின் டயஃப்ரம் ஸ்பிரிங்குடையது. ஃபோர்க் உடைந்தாலோ ஷாஃப்ட் வழுக்கினாலோ ஸ்பிரிங் வரை அழுத்தம் போகாது, பெடல் லேசாகிவிடும். ஸ்பிரிங் விரல்கள் உடைந்திருந்தால் பெடலில் ஒரு ஏற்ற இறக்கம், சில நேரம் உள்ளே கலகலப்பு. கனம் பழையபடியே இருக்கிறது, கையும் முழுக்கப் போகிறது, ஆனாலும் பிரியவில்லை என்றால், பிரஷர் பிளேட் விலகிவிட்டது, பிளேட் விலகவில்லை என்று பொருள். ஒன்று ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்க வேண்டும். அல்லது பிளேட்டின் நடுக்குழல் கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டின் பற்களில் துருவால் இறுகியிருக்க வேண்டும். இரண்டாவதில் இவ்வளவு முழுசாகப் பிடித்துக்கொள்வது குறைவு, பாதி இழுப்புதான் இருக்கும்.

நெய்வேலிக்காரர் பாராமலே சரியாகச் சொல்லிவிட்டார். இருந்தாலும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நெய்வேலி_டீசல்

பாராமல் சொல்வதும் ஒரு திறமைதானே ஐயா.

கெடிலக்கரை

சுண்ணாம்புக் கோடு உடையவில்லை. கையும் ஷாஃப்ட்டும் சேர்ந்தே திரும்புகின்றன.

வெள்ளைஜென் (புதுச்சேரி)

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கும் கிளட்ச் பிரச்சினைதான். 2002 ஜென். கோரிமேடு ஏற்றத்தில் நாலாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி அதே வேகத்தில்தான் போகிறது. தட்டையான சாலையில் தெரிவதில்லை. கேபிள் நீண்டுவிட்டது, டைட் வைக்கலாம் என்று பக்கத்துக் கடையில் சொல்கிறார்கள்.

பழையபட்டறை

டைட் வைக்கவே வைக்காதீர்கள். உங்களுடையது வழுக்கல், கெடிலக்கரையின் வியாதிக்கு நேர் எதிர்.

இதில் பலர் குழம்புவதால் சற்று நீட்டிச் சொல்கிறேன். கேபிள் நீண்டால் பெடலின் மேல் லூஸ் கூடும். பிளேட் தேய்ந்தால் லூஸ் குறையும். லைனிங் மெலியும்போது பிரஷர் பிளேட் ஃப்ளைவீல் பக்கம் நகர்கிறது, அதனால் ஸ்பிரிங் விரல்கள் எதிர்ப்பக்கம், அதாவது பேரிங் பக்கம், வெளியே வரும். கேபிள் வண்டியில் அது கையைப் பின்னால் தள்ளி லூஸைத் தின்றுவிடும். லூஸ் முழுக்கப் போனால் பேரிங் எப்போதும் விரலை அழுத்திக்கொண்டே இருக்கும். நீங்கள் காலை எடுத்தாலும் அரைக்கால் கிளட்சில் கிடப்பதுதான். பிளேட் நன்றாக இருந்தாலும் வழுக்கும். இந்த நிலையில் கேபிள் நட்டை இன்னும் இறுக்கினால் எரிவது சீக்கிரமாகும்.

முதலில் பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். லூஸ் இல்லையென்றால் நட்டைத் தளர்த்தி இரண்டு செ.மீ. அளவுக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் அதே கோரிமேட்டில் ஏறிப் பாருங்கள். வழுக்கல் போனால் அதிர்ஷ்டம். போகவில்லையென்றால் பிளேட் தீர்ந்துவிட்டது, அல்லது எண்ணெய் பட்டிருக்கிறது.

ஏற்றம் தேடி அலைய வேண்டாம் என்றால் வேறொரு சோதனை உண்டு. சமதரையில் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, நாலாவது கியர் போட்டு, கொஞ்சம் ரேஸ் கொடுத்துக் கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. ஒருமுறை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் சோதனையிலேயே பிளேட் எரிந்துவிடும்.

முதுநகர்800

கடலூரில் ஏற்றம் என்றால் கேப்பர் மலைச் சாலை ஒன்றுதான். மிச்சமெல்லாம் தட்டை. அதனால்தான் இங்கே பாதிப் பேருக்கு கிளட்ச் வழுக்குவது தெரிவதே இல்லை, திருவண்ணாமலைக்கோ ஏற்காட்டுக்கோ போகும்போதுதான் தெரிகிறது.

பாண்டி_குவாலிஸ் (புதுச்சேரி, ரெட்டியார்பாளையம்)

என் குவாலிஸில் பெடல் சில நேரம் தரையோடு போய்விடுகிறது. நாலைந்து முறை வேகமாக மிதித்தால் கியர் விழுகிறது. இதுவும் பிளேட் ஒட்டலா?

பழையபட்டறை

இல்லை சார். உங்களுக்குக் கேபிளே கிடையாது, ஆயில் அழுத்தம். அடித்து அடித்து மிதித்தால் சரியாகிறது என்றாலே காற்று புகுந்திருக்கிறது அல்லது சிலிண்டர் கசிகிறது. டப்பாவில் ஆயில் அளவைப் பாருங்கள். கியர் பாக்ஸ் பக்கம் இருக்கும் சின்ன சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கினால் உள்ளே ஈரமா என்று தெரியும். அங்கே ஈரமில்லையென்றால் பெடலுக்கு மேலே, மாஸ்டர் சிலிண்டர் தண்டு வரும் இடத்தில் பாருங்கள், கால் மிதியடியில் சொட்டியிருக்கும். அங்கும் காய்ந்திருந்தால் மாஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்து ஆயில் பின்வாங்குகிறது. ரப்பர் கிட் போட்டு, பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றிக் காற்று எடுக்க வேண்டும். அந்த ஆயில் ஈரத்தை உறிஞ்சும், நம் ஊரில் கேட்கவே வேண்டாம்.

பாண்டி_குவாலிஸ்

மிதியடி ஈரம்தான். ஏசி தண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றி.

உப்புக்காற்று

சரி, கெடிலக்கரை விஷயத்துக்கு வருவோம். ஒட்டிய பிளேட்டை உலுக்கிப் பிரிப்பதை நான் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், பிரிவது துருதான் என்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடியாது. லைனிங் துண்டாகப் பெயர்ந்து ஃப்ளைவீலோடு தங்கிவிடலாம். அந்தத் துண்டு பின்னர் சிக்கினால் சாலை நடுவில் கட் ஆகாமல் போகும். அதோடு வெள்ள நீர் பட்ட ரிலீஸ் பேரிங்குக்குள் கிரீஸ் மிஞ்சியிருக்காது, ஷாஃப்ட் பல்லிலும் துரு. எப்படியும் ஒருநாள் இறக்கித்தான் ஆக வேண்டும். இப்போதே இறக்கிவிடுங்கள் என்பது என் கருத்து.

நெய்வேலி_டீசல்

ஒட்டல் விட்டுவிட்டால் வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போகலாமே. இல்லையென்றால் கட்டி இழுக்க வேண்டும். அவர் சந்தும் சின்னது என்று நினைக்கிறேன். எங்கள் பக்கம் எத்தனையோ டிராக்டர் இப்படித்தான் மழைக்காலத்துக்குப் பின் ஒட்டிக் கிடக்கும், ஒரு இழுப்பில் பிரியும், வருஷக்கணக்கில் ஓடும்.

உப்புக்காற்று

டிராக்டர் பிளேட் வேறு, 800 பிளேட் வேறு. டிராக்டர் முன்னால் குழந்தை ஓடினால் என்ன ஆகும் என்பது மட்டும் இரண்டுக்கும் ஒன்று.

பழையபட்டறை

சண்டை வேண்டாம். என் வழக்கம் இது. முதலில் வலுக்கட்டாயமில்லாத முறை. பெடலைத் தரைவரை அழுத்தி, பெடலுக்கும் சீட்டுக்கும் இடையில் அளவாக வெட்டிய மரக்கட்டையை முட்டுக்கொடுத்து ஓரிரண்டு நாள் விடுங்கள். பிரஷர் பிளேட் விலகி நிற்பதால் ஒட்டலுக்கு அழுத்தம் இல்லை. சில வண்டியில் அதுவே போதும்.

விடவில்லையென்றால் கட்டையை எடுத்துவிட்டு, நியூட்ரலில் இன்ஜினை நன்றாகச் சூடாகும் வரை ஓட்டுங்கள். சூட்டில் ஃப்ளைவீல் சற்று விரியும். பிறகு இன்ஜினை நிறுத்தி, இரண்டாவது கியர் போட்டு, கிளட்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி கிளம்பிவிடும், தயாராக இருங்கள். கிளட்சை விடாமல் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்தி, சட்டென்று விட வேண்டும். அந்த முன்பின் உலுக்கலில் ஒட்டல் விட்டுவிடும். விட்ட கணமே காலுக்கும் காதுக்கும் தெரியும், இன்ஜின் தனியாக எகிறும், வண்டி தானே உருளும்.

தெருவில் செய்யக் கூடாது. முன்னால் நீண்ட காலி இடம், சுவர் கிடையாது, ஆள் கிடையாது. பிரேக் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அதுவும் வெள்ளத்தில் நின்றதுதான். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டு ஓடவிட்டு பிரேக் அடிக்கும் ஆட்களும் உண்டு. ஸ்டாண்டிலிருந்து வண்டி இறங்கினால் முன்னால் நிற்பவர் கதி என்ன? என் பட்டறையில் அதை விடுவதில்லை.

முதுநகர்800

தேவனாம்பட்டினம் பீச் பக்கம் காலியாக இருக்குமே, விடியற்காலையில்?

பழையபட்டறை

மணலில் சக்கரம் சுற்றிவிடும், உலுக்கல் பிளேட்டுக்குப் போகாது. கெட்டித் தரை வேண்டும்.

கெடிலக்கரை

கட்டை முறை பலிக்கவில்லை. சித்தப்பா வீட்டுக்குப் பின்னால் அறுவடை முடிந்த கெட்டி நிலம் இருக்கிறது. வண்டியை நாலு பேர் தள்ளி அங்கே சேர்த்தோம். பிரேக் பின்பக்கம் இறுகியிருந்ததால் முதலில் அந்த டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது, அதற்கே அரைநாள். பழையபட்டறை ஐயா சொன்னபடி சூடாக்கி, இரண்டாவது கியரில் கிளப்பி, ஆக்சிலரேட்டரை அழுத்தி அழுத்தி விட்டேன். வண்டி துள்ளிக்கொண்டே போனது. வரப்பு நெருங்கும்போது டக் என்று ஒரு சத்தம், இன்ஜின் தனியாக எகிறியது. பிரேக் போட்டு நின்றேன், இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. முதல் கியர் விழுந்தது, ரிவர்ஸும் விழுந்தது!

நெய்வேலி_டீசல்

சொன்னேனே.

உப்புக்காற்று

சந்தோஷம். ஆனால் இரண்டு நாள் ஓட்டிவிட்டுச் சொல்லுங்கள். கிளம்பும்போது உதறுகிறதா? மிதிக்கும்போது சத்தம் உண்டா?

கெடிலக்கரை

உதறுகிறது. புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடைக்கு பெட்ரோல் போடப் போய்வந்தேன் (கடலூர்க்காரர்களுக்கு இதற்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டியதில்லை). முதல் கியரில் கிளட்சை விடும்போது வண்டி தடதடவென்று ஆடி அப்புறம் பிடிக்கிறது. போகப் போகக் குறையும் என்று பார்த்தேன், முழுக்கப் போகவில்லை. பெடலை மிதித்தால் உர்ரென்று ஒரு சத்தம் வருகிறது. காலை எடுத்தால் நின்றுவிடுகிறது.

பழையபட்டறை

மிதித்தால் வந்து, விட்டால் போகிற சத்தம் ரிலீஸ் பேரிங். இதற்கு எதிர்மாறாக, நியூட்ரலில் காலை எடுத்தபடி இருக்கும்போது சத்தம் வந்து, மிதித்தால் நின்றால், அது கியர் பாக்ஸின் உள்ளே நுழையும் ஷாஃப்ட்டின் பேரிங். இரண்டையும் மாற்றிச் சொல்லிக் கியர் பாக்ஸையே பிரித்தவர்கள் உண்டு. உங்களுக்கு முதலாவது.

உதறலுக்கு இன்ஜின் மவுண்டிங் ரப்பர் தளர்ந்தாலும் காரணமாகும், அதையும் பாருங்கள். மவுண்டிங் சரியென்றால் பிளேட்டின் முகம் சீராக இல்லை. இப்போது இறக்கலாம். இப்போது இறக்குவதற்குக் காரணம் கையில் இருக்கிறது, அன்று இல்லை.

ஒன்று மறக்காதீர்கள்: கியர் ஆயிலையும் இறக்கிப் பாருங்கள். அது டீக்கடைப் பால் டீ போல வெளுத்து வந்தால் வெள்ளத் தண்ணீர் மூச்சுத் துளை வழியாக உள்ளே போயிருக்கிறது. கிளட்சைவிட அதுதான் பெரிய செலவு வைக்கும்.

கெடிலக்கரை

மவுண்டிங் பரவாயில்லை. வேறொரு பட்டறையில் நேற்று இறக்கினார்கள், நானும் பக்கத்திலேயே நின்றேன். அவர்கள் முதலில் காற்றுக் குழாயை எடுத்து பெல் ஹவுசிங்கை ஊதப் போனார்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், அந்தத் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது என்று எங்கோ படித்திருந்ததால் வேண்டாம் என்றேன். சிரித்தார்கள், ஆனாலும் ஈரத் துணியால் துடைத்தார்கள்.

ஃப்ளைவீலில் பிளேட் அளவுக்கு ஒரு துரு வளையம். பிளேட்டின் ஃப்ளைவீல் பக்க லைனிங்கில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து போயிருந்தது. துண்டு ஹவுசிங்குக்குள் அடியில் கிடந்தது. ஷாஃப்ட் பல்லில் சிவப்புத் துரு, பிளேட் அதில் தாராளமாக ஓடவில்லை. பேரிங்கைக் கையால் சுற்றினால் மணல் அரைப்பது போல் கரகரக்கிறது. கியர் ஆயில் லேசாக வெளுத்துத்தான் இருந்தது, ஆனால் மேக்னெட்டில் பெரிய துகள் எதுவும் இல்லை.

உப்புக்காற்று

அந்தத் துண்டு அந்த டக் சத்தத்தில் பெயர்ந்ததுதான்.

நெய்வேலி_டீசல்

அதெப்படிச் சொல்ல முடியும்? அந்தத் துருவில் கையால் பிரித்திருந்தாலும் பெயர்ந்திருக்கும். பிளேட்டை எப்படியும் மாற்றத்தானே போகிறார். வண்டி சொந்தக் காலில் பட்டறைக்குப் போனதே, அந்த வேன் வாடகை மிச்சம்.

உப்புக்காற்று

துண்டு ஓடும்போது சிக்கியிருந்தால் அந்த மிச்சம் எங்கே போயிருக்கும்? முள்ளோடை வரைக்கும் போய்வந்திருக்கிறார்.

நெய்வேலி_டீசல்

சிக்கவில்லையே.

பழையபட்டறை

இது தீராது. நெய்வேலிக்காரர் மாதிரி நானும் பலமுறை பிரித்திருக்கிறேன், சிலது வருஷக்கணக்கில் ஓடியது, சிலது இப்படி வந்தது. முன்கூட்டிச் சொல்ல முடியாது. பிரித்த பிறகு நெடுந்தூரம் போகக் கூடாது என்பதில் மட்டும் உப்புக்காற்று சொல்வதோடு ஒத்துப்போகிறேன்.

தம்பி, ஃப்ளைவீலை மாற்றச் சொல்லுகிறார்களா? நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் நகத்தில் தட்டவில்லை, நீலம் பாய்ந்த சூட்டுத் திட்டு இல்லை, மயிரிழை வெடிப்பு இல்லை என்றால் எமரி பேப்பர் போட்டுத் தின்னரால் துடைத்தாலே போதும். இன்ஜின் பக்கத்து ஆயில் சீல் ஈரமாக இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். ஹவுசிங்குக்குள் எங்காவது ஈரமிருந்தால் முகர்ந்து பாருங்கள், கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை அடிக்கும், இன்ஜின் ஆயிலுக்கு அடிக்காது. எந்தப் பக்கத்து சீல் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பிளேட்டின் நடுக்குழல் ஒரு பக்கம் நீண்டிருக்கும், அந்தப் பக்கம் கியர் பாக்ஸைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் எல்லாம் மாட்டி முடித்த பிறகு கட் ஆகாது, மறுபடி இறக்க வேண்டியதுதான். டம்மி ஷாஃப்ட் வைத்து நடுவில் நிறுத்தாமல் பிரஷர் பிளேட்டை இறுக்க விடாதீர்கள். போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஷாஃப்ட் பல்லைத் துரு போகத் தேய்த்து, கிரீஸ் விரலில் ஒட்டும் அளவுக்கு மட்டும். அதிகம் வைத்தால் சுற்றும்போது தெறித்துப் புது லைனிங்கில் விழும்.

கெடிலக்கரை

ஃப்ளைவீல் நகத்தில் தட்டவில்லை, அதையே சுத்தம் செய்து போட்டார்கள். சீல் காய்ந்துதான் இருந்தது. பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் புதிது. கேபிளில் துரு இருந்ததால் அதையும் மாற்றிவிட்டேன், முதுநகர் அண்ணனுக்கு இப்போது திருப்தியா? கியர் ஆயிலை ஊற்றி, சிறிது தூரம் ஓட்டி, மறுபடி இறக்கிப் புதிதாக ஊற்றினோம். இரண்டாவது முறை சுத்தமாக வந்தது. மொத்தம் அந்த ஒன்பதாயிரத்தில் பாதியைச் சற்றுத் தாண்டியது.

உதறல் போய்விட்டது. பெடல் மட்டும் முன்னைவிட லேசாகத் தெரிகிறது. பயப்பட வேண்டுமா?

பழையபட்டறை

வேண்டாம். பிளேட் தேயத் தேய ஸ்பிரிங் விரல் கோணம் மாறிக் கனம் கூடும், பழைய கிளட்ச் கனமாகத்தான் இருக்கும். கேபிளும் புதிது, உரசல் இல்லை. கொஞ்சம் ஓடிய பிறகு லூஸை மறுபடி பாருங்கள், புதுக் கேபிள் முதலில் சற்று இழுபட்டு உட்காரும்.

வெள்ளைஜென்

என் கணக்கையும் முடித்துவிடுகிறேன். பெடலில் லூஸே இல்லை. நட்டைத் தளர்த்தினேன், கோரிமேட்டில் வழுக்கல் பாதி குறைந்தது, முழுக்கப் போகவில்லை. அடுத்த மாதம் இறக்குகிறேன். டைட் வைக்கச் சொன்னவரிடம் போகவில்லை.

கெடிலக்கரை

கடைசியாக ஒன்று. ஐப்பசி வந்தால் மறுபடி மழை. வண்டியை வாரக்கணக்கில் எடுக்க முடியாமல் போனால், பெடலுக்குக் கட்டை முட்டுக்கொடுத்து வைக்கலாமா?

உப்புக்காற்று

வைக்கலாம், பிளேட் ஒட்டாது. ஆனால் ஸ்பிரிங் மாதக்கணக்கில் அழுந்திக் கிடக்கும், கேபிளும் இழுபட்டே நிற்கும். அதைவிட வாரம் ஒருமுறை இன்ஜினைக் கிளப்பி, எல்லா கியரும் போட்டு, வாசல்வரை முன்னும் பின்னும் எடுத்தாலே போதும். பிரேக் டிரம்முக்கும் அதுதான் மருந்து.

பழையபட்டறை

ஹேண்ட் பிரேக் இழுத்து நிறுத்தாதீர்கள், அந்த லைனிங்கும் டிரம்மோடு ஒட்டும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வெள்ள எச்சரிக்கை வந்தால் கிளட்சைப் பற்றி யோசிக்காமல் வண்டியை முதலில் மேட்டுக்கு ஏற்றுங்கள்.

முதுநகர்800

கேப்பர் மலையில் எங்கள் மாமா வீட்டு வாசலில் இரண்டு வண்டிக்கு இடம் இருக்கிறது. ஒன்று என்னுடையது. இன்னொன்று காலி, சொல்லுங்கள்.